கேளுங்கள், சொல்கிறேன்: வீல்சேரோடு விமானம் ஏறுவது எப்படி?

சென்ற இதழில் விமானப் பயணத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கே இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பல வருடங்களாக வீல்சேரிலேயே பயணம் செய்பவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதல்முறையாக விமானத்தில் போகப் போகிறேன். டிக்கெட் போடும்போது 'வீல்சேர் உதவி தேவை' என்று ஒரு கட்டம் வருகிறது. அதில் டிக் அடித்தால் போதுமா அக்கா?

போதாது. முதல் குழப்பம் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. விமான நிறுவனங்கள் உலகம் முழுக்க வீல்சேர் உதவியை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், இருக்கைவரை நடந்துவிடுவார், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது. வெறும் டிக்கோடு விட்டால் முதல் வகை என்று பதிவாகிவிடலாம். அப்படியானால் விமானக் கதவருகே ஒரு ஆள் மட்டும் நின்றுகொண்டு 'நாலு எட்டு நடக்க மாட்டீங்களா?' என்று கேட்பார். உங்களைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், விமான நடைபாதைக்குள் தள்ளிப்போகும் ஒடுக்கமான நாற்காலியான ஐல் சேரும் வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் டிக்கெட் போட்ட கையோடு போன் செய்து, குறியீட்டின் பெயரைச் சொல்லியே பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு அது மின்னஞ்சலில் எழுத்தாக வரும்வரை விடாதீர்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய விதிப்படி நிறுவனம் அந்தத் தகவலை 36 மணி நேரத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட விமான நிலையங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். நடுவில் விமானம் மாறினால், அதுவும் வேறு நிறுவனத்துக்கு மாறினால், இரண்டாவது நிறுவனத்துக்கும் நீங்களே பேசிவிடுங்கள். நான் பார்த்தவரை தகவல் தொலைந்துபோவது பெரும்பாலும் அந்தக் கைமாறும் இடத்தில்தான்.

இன்னொன்று. நடைபாதை ஓர இருக்கையின் கைப்பிடி தூக்கவே முடியாததுபோல இருக்கும். பல விமானங்களில் அதன் அடிப்பக்கம், பின்னால் மூட்டு இருக்கும் இடத்தில், விரலுக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு சின்ன பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போகும். பணிப்பெண்களில் சிலருக்கே இது தெரியாது, அதனால் கைப்பிடிக்கு மேலாக உங்களைத் தூக்கிப் போடப் பார்ப்பார்கள். விடாதீர்கள், 'கீழே ஒரு பட்டன் இருக்கும், பாருங்க' என்று சொல்லுங்கள். உங்கள் வீல்சேர் குஷனையும் கையோடு எடுத்துக்கொண்டு இருக்கைமேல் போட்டு உட்காருங்கள். உணர்வில்லாத இடத்தில் அழுத்தப் புண் வர ஒரு நீண்ட பயணம் போதும்.

கேள்வி: பேட்டரி வீல்சேர் வைத்திருக்கிறேன். கவுன்டரில் என்ன பேட்டரி, எத்தனை வாட் என்று கேட்டு அரை மணி நேரம் நிறுத்திவிடுகிறார்கள். திரும்பக் கையில் வரும்போது ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறது. என்னதான் செய்வது?

பேட்டரியைப் பற்றிக் கேட்பதைத் தப்பு சொல்ல முடியாது. லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். ஆனால் பதிலை நீங்கள் தயாராக வைத்திருந்தால் அரை மணி நேரம் ஆகாது. உலர் ஜெல் வகையா, லித்தியமா என்பது முதல் கேள்வி. ஜெல் என்றால் பொதுவாகக் கழற்றாமல் வீல்சேரிலேயே பத்திரமாக விட்டுவிடலாம். லித்தியத்தில், கழற்றி எடுக்கும்படி வடிவமைத்த பேட்டரி என்றால் 300 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் மின்சக்தியின் அளவு) வரை கழற்றி உங்களோடு கேபினுக்குள் கொண்டு வர வேண்டும். இரண்டு பேட்டரியில் ஓடும் வீல்சேர் என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் இந்த எண் இருக்கும். அதை அச்செடுத்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் வாங்கும்போதே விமான நிறுவனத்துக்கு ஒன்றை அனுப்பியும் விடுங்கள்.

உடைவதைப் பற்றி எனக்கு உங்கள் அளவுக்கே கோபம் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் 2023-ல் மட்டும் 11,500-க்கும் மேற்பட்ட வீல்சேர்களையும் ஸ்கூட்டர்களையும் சேதப்படுத்தியோ தொலைத்தோ தாமதப்படுத்தியோ இருக்கின்றன. இதை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று அங்கே கட்டாயம் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. கணக்கே கேட்காத நாடுகளில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் 2024 அக்டோபரில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு, மாற்றுத்திறனாளிப் பயணிகளையும் அவர்கள் வீல்சேர்களையும் கையாண்ட விதத்துக்காக 5 கோடி டாலர் அபராதம் போட்டார்கள். கணக்கு வெளியே வந்தால்தான் அபராதமும் வரும்.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? ஒப்படைப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், அது ஓடுவதை ஒரு சின்ன வீடியோ எடுங்கள். ஜாய்ஸ்டிக், பக்கத் தடுப்பு, தலைத் தாங்கி என்று கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரை விடுவிக்கும் லீவர் எங்கே இருக்கிறது, எந்த இடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே பிடித்தால் ஒடியும் என்று பெரிய எழுத்தில் எழுதி, படமும் போட்டு, முதுகுப் பக்கம் ஒட்டிவிடுங்கள். சரக்கு ஏற்றுபவர் உங்கள் மாடலை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். லீவர் எங்கே என்று தெரியாமல்தான் சக்கரம் பூட்டிய வீல்சேரைத் தரதரவென்று இழுக்கிறார்கள். கவுன்டரில் விட்டுவிடாமல், விமானக் கதவுவரை அதிலேயே போய் அங்கே ஒப்படைப்பதாகச் சொல்லுங்கள்.

உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுத்தில் புகார் பதிவு செய்து அதன் எண்ணை வாங்குங்கள். சர்வதேசப் பயணங்களுக்கான 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்தை எழுத்தில் தெரிவிக்க 7 நாள்தான் அவகாசம். அதே ஒப்பந்தம் வீல்சேரையும் பெட்டியைப் போலவே ஒரு சாமானாகத்தான் பார்க்கிறது. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஒரு நல்ல பேட்டரி வீல்சேரின் விலைக்கு இது எந்த மூலைக்கு? இதற்கு ஒரே வழி, ஒப்படைக்கும்போதே 'இதன் மதிப்பு இவ்வளவு' என்று சிறப்பு அறிவிப்பு எழுதிக் கொடுப்பது. அப்போது அந்த மதிப்புவரை நிறுவனம் பொறுப்பு. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. விமானத்தில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன். இது சரியா?

கூச்சமே வேண்டாம், இதே கேள்வி வெவ்வேறு வார்த்தையில் பல கடிதங்களில் வந்திருக்கிறது. சரியில்லை, உடம்புக்குக் கெடுதல். தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். தண்டுவடம் மேலே பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலே ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் டியூப்), காலில் கட்டும் பை, பேட் என்று எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைப் பயணத்துக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி, வீட்டில் ஒருமுறை அத்தனை மணி நேரம் போட்டுப் பாருங்கள். ஏறுவதற்கு முன் கழிப்பறைக்கு நேரம் வேண்டும் என்று உதவியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் உங்களைக் கேட்டருகே இறக்கிவிட்டுப் போனால் திரும்ப எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

விமானத்துக்குள்ளே, இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் கொஞ்சம் பெரிய கழிப்பறை பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும், மடக்கு வீல்சேரும் இருக்கும். முன்பதிவில் இரண்டையும் கேட்டு உறுதி செய்யுங்கள். பணியாளர்கள் கழிப்பறைக் கதவுவரை தள்ளிக்கொண்டு போவார்கள், உள்ளே உதவ மாட்டார்கள், அது அவர்கள் கடமையில் வராது. ஒற்றை நடைபாதை விமானங்களில்தான் நிஜமான சிக்கல். இப்போது ஐந்து, ஆறு மணி நேரப் பயணங்களுக்கும் அவற்றையே விடுகிறார்கள். கழிப்பறைக் கதவு வழியாக ஐல் சேரே நுழையாது. நுழைந்தாலும் ஒருவர் துணைக்கு நிற்க இடமிருக்காது.

செய்ய முடியாத வேலையா இது? ஏ320 வகை விமானங்களில் பின்பக்கம் பக்கத்து பக்கத்துக் கழிப்பறைகள் இரண்டின் நடுத்தடுப்பைத் திறந்து ஒன்றாக்கிக்கொள்ளும் அமைப்பு ஏற்கெனவே கிடைக்கிறது. அதை வாங்குவதும் வாங்காததும் விமான நிறுவனத்தின் இஷ்டம். அமெரிக்கா 2023-ல் ஒரு விதி கொண்டுவந்தது: 125 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கை உள்ள ஒற்றை நடைபாதை விமானங்களிலும், துணையாளோடு நுழையும் அளவுக்குப் பெரிய கழிப்பறை ஒன்று வேண்டும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? ஆனால் அது 2033 அக்டோபருக்குப் பிறகு ஆர்டர் கொடுக்கும் விமானங்களுக்கும், 2035 அக்டோபருக்குப் பிறகு கைக்கு வரும் விமானங்களுக்கும்தான். இப்போது பறப்பவை அப்படியே பறக்கும், ஒரு விமானம் 20, 25 வருடம் ஓடும். நம்மில் பலர் அதற்குள் வயதாகி ஊர்சுற்றுவதையே நிறுத்தியிருப்போம். பெரிய விமானங்களுக்கு இதே மாதிரி விதி 1990-லேயே வந்தது. சின்ன விமானங்களுக்கு அது நகர இவ்வளவு காலம் ஆனதற்கு, இடத்தை இருக்கையாக விற்றால் காசு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எனக்குக் கண் தெரியாது, கால் நன்றாக இருக்கிறது. உதவி கேட்டால் வீல்சேரில் உட்காரச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

தாராளமாக மறுக்கலாம். உங்களுக்கு வேண்டியது வழிகாட்டி, அதற்கு பி.எல்.என்.டி. என்று தனிக் குறியீடே இருக்கிறது. 'உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேன், நீங்க அரை அடி முன்னாடி நடங்க' என்று சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். 'வீல்சேர்ல வந்தாத்தான் சீக்கிரம்' என்பது அவர்கள் வசதிக்காகச் சொல்வது. இருக்கையில் உட்கார்ந்ததும் அழைப்பு பொத்தான் எங்கே, வெளியேறும் வழி எத்தனை வரிசை முன்னால், எத்தனை பின்னால் என்று உங்கள் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதுகாப்பு விளக்கத்தை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது பணியாளர்களின் வேலை.

கேள்வி: காது கேட்காது. கேட் மாறியதை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள், விமானத்தை விட்டுவிட்டேன்.

டி.இ.ஏ.எஃப். குறியீட்டைப் போடச் சொல்லுங்கள், நிறுவனத்தின் செயலியில் அறிவிப்பை இயக்கி வையுங்கள், கேட்டில் இருப்பவரிடம் 'கூப்பிடும்போது நேரில் வந்து சொல்லுங்கள்' என்று எழுதிக் காட்டுங்கள். அத்தனையும் செய்தும் விட்டுப்போனால் அது அவர்கள் தவறு, அடுத்த விமானத்தில் இடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம், வயது ஒன்பது. பாதுகாப்புச் சோதனையில் யாராவது தொட்டால் கத்தி விடுகிறான். எல்லோரும் வளர்ப்பைக் குறை சொல்வதுபோலப் பார்க்கிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா?

போங்கள். பச்சைப் பட்டையில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டை ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016-ல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது, இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதை மாட்டியிருந்தால் ஊழியர்கள் பொறுமையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு, வரிசையைத் தாண்டிப் போகும் அனுமதிச்சீட்டு இல்லை. நீங்கள் கிளம்பும் நிலையத்தில் அது உண்டா, அமைதியான அறை உண்டா, முன்கூட்டியே ஒருநாள் அழைத்துப்போய்ப் பழக்கிக்காட்ட விடுவார்களா என்று கேளுங்கள். சோதனை செய்பவரிடம் 'தொடுவதற்கு முன் அவனிடம் சொல்லுங்கள், முதலில் என் கையைத் தொட்டுக் காட்டுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். முறைத்துப் பார்ப்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை அம்மா. அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், அது போதும்.

கேள்வி: நன்றாக நடப்பவர்களே வீல்சேர் கேட்டு வரிசையைத் தாண்டிப் போகிறார்கள். இதற்கு நீங்கள் ஏன் எதுவும் எழுதுவதில்லை?

அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் உதவியாளர் கிடைக்காமல் என்னைப் போன்றவர்கள் காலி விமானத்தில் காத்திருக்கிறோம் என்பதும் உண்மை. ஆனால் உங்களால் பார்த்தே சொல்லிவிட முடியுமா? பத்து அடி நடப்பவரின் இதயம் நூறு அடி தாங்காமல் இருக்கலாம். மூட்டுவாதம் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் இருக்கும். வாசலில் நின்று 'நிஜமாகவே முடியாதவரா' என்று சோதிக்க ஆரம்பித்தால் அதில் முதலில் அவமானப்படப்போவது நிஜமாகவே முடியாதவர்தான். எனக்கு இதில் தயக்கமே இல்லை: ஆட்களைக் கூட்டுங்கள், நடக்கத் தூரமானவர்களுக்கு பேட்டரி வண்டி விடுங்கள், நடுநடுவே உட்கார நாற்காலி போடுங்கள். வீல்சேர் கேட்பவர்களில் ஒரு பகுதி தானாகவே குறையும்.

கேள்வி: தனியாகப் போகக் கூடாது, துணை வேண்டும், டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா?

பாதி உண்டு. பாதுகாப்பு விளக்கத்தையே புரிந்துகொள்ள முடியாது, அவசரத்தில் தன்னை வெளியேற்றிக்கொள்ளத் துளியும் ஒத்துழைக்க முடியாது என்ற நிலையில் துணை கேட்க விதிகள் அனுமதிக்கின்றன. வீல்சேரில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்க முடியாது. அமெரிக்க விதியில், நீங்கள் வேண்டாம் என்றும் நிறுவனம் வேண்டும் என்றும் சொன்னால் அந்தத் துணையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று என்பது ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர், அண்மையில் அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு. நிலையான குறைபாடு நோய் ஆகாது.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்குப் போக கொல்கத்தாவில் விமானத்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்த பிறகு, அவரை இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022-ல் குறைபாடுள்ள ஒரு குழந்தையை ஏற்றாமல் விட்ட சம்பவத்துக்குப் பிறகு அங்கே விதியையும் திருத்தினார்கள். குறைபாட்டைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, பயணியின் உடல்நிலை பறக்கும்போது மோசமாகும் என்று நினைத்தால் மருத்துவரிடம் நேரில் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். யாராவது உங்களை நிறுத்தினால் 'காரணத்தை எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். எழுதச் சொன்னதுமே பலருக்குக் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: நம் வீல்சேரிலேயே உட்கார்ந்து பறக்கும் காலம் வருமா?

வரும் என்று நம்புகிறேன். விமான இருக்கைகள் 16 மடங்கு புவியீர்ப்பு அளவு மோதல் விசையைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன, வீல்சேரும் அதைப் பூட்டும் அமைப்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நிபுணர் குழு ஒன்று 2021-ல் ஆராய்ந்து, தொழில்நுட்பத்தில் தாண்டவே முடியாத தடை எதுவும் தெரியவில்லை என்று சொன்னது. 2023-ல் ஹாம்பர்க் கண்காட்சியில், மடக்கினால் அந்த இடத்தில் வீல்சேரைப் பூட்டிக்கொள்ளும் ஒரு மாதிரி இருக்கையைக் காட்டினார்கள். சான்றிதழ் வேலை மீதியிருக்கிறது.

கேள்வி: அக்கா, நான் விமான நிலையத்தில் பயணிகளுக்கு உதவும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பயிற்சி என்று ஒரு வீடியோ காட்டினார்கள், அவ்வளவுதான். யாரையாவது கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உன்னுடையது. வீடியோ பார்த்து ஆளைத் தூக்கக் கற்றுக்கொள்ள முடியாது. மேலதிகாரியிடம் செய்முறைப் பயிற்சி கேள், முதல் சில நாள் அனுபவசாலியோடு மட்டும் போகிறேன் என்று சொல். 2024 டிசம்பரில் அமெரிக்கா அறிவித்த விதியில், பயணியைத் தூக்குபவர்களுக்கும் வீல்சேரைக் கையாள்பவர்களுக்கும் செய்முறைப் பயிற்சி கட்டாயம் என்று எழுதியிருக்கிறார்கள். அதன் சில பகுதிகளை அமல்படுத்துவதை அடுத்த வருடமே தள்ளிவைத்தாலும், பயிற்சி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்பதற்கு அது சாட்சி.

பயணியிடம் பேசு, கூட வந்தவரிடம் 'இவங்களால முடியுமா' என்று கேட்காதே. எங்களில் ஒவ்வொருவரும் தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறோம், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும். 'எப்படித் தூக்கினா உங்களுக்கு வசதி?' என்று கேள், பதில் முடியும்வரை கையை வைக்காதே. என் விஷயத்தில், பின்னால் நிற்பவர் என் அக்குளுக்குக் கீழே கை விட்டு, குறுக்காக மடித்த என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் முழங்காலுக்கு மேலே தொடையைத் தாங்க வேண்டும். பேன்ட்டைப் பிடித்து இழுத்தால் தோல் கிழியும், எனக்கு அது வலிக்கக்கூட வலிக்காது, அதனால் உனக்கும் தெரியாது. டியூப் எங்கே போகிறது என்று முதலில் பார். கால் திடீரென்று துள்ளினால் பயப்படாதே, அமுக்காதே, அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நில். எண்ணுவது நீயாக வேண்டாம், பயணியே எண்ணட்டும், அவர் மூன்று என்றதும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்குங்கள்.

ஐல் சேரில் நெஞ்சு, இடுப்பு, கால் என்று எல்லாப் பட்டையையும் கட்டு, ஆனால் கட்டியதும் அவரால் அசைய முடியாது, தானாகத் தள்ளிக்கொண்டு எங்கும் போக முடியாது என்பதை மறந்துவிடாதே. அந்த நிலையில் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே. வழியில் இருக்கைகளின் கைப்பிடியில் அவர் முழங்கை இடிக்கும், கையை உள்ளே மடித்து வைக்கச் சொல்லிவிட்டுத் தள்ளு.

அப்புறம், இறக்கும்போது. நாங்கள் முதலில் ஏறுவோம், கடைசியில்தான் இறங்குவோம். சுத்தம் செய்பவர்கள் வந்துவிடுவார்கள், விமானி பெட்டியோடு போய்விடுவார், எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். அவருடைய சொந்த வீல்சேர் கதவுக்கு வந்துவிட்டதா என்று நீயே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வா, அதற்குப் பிறகு அவரை இருக்கையிலிருந்து தூக்கு.